உத்தமபாளையத்தில் கொதித்த விமானம்

தேனி பேருந்து நிலையத்தில் என் கருவிப் பெட்டிக்கும் ஒரு டிக்கெட் போட்டார்கள். "உள்ள என்ன சார் இருக்கு, இந்தக் கனம் கனக்குது?" என்று கண்டக்டர் கேட்டார். ஸ்பேனர், ரப்பர் பட்டை என்று சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்திருக்கலாம். என் வாய் சும்மா இருக்குமா? "விமானம் ரிப்பேர் பண்ற சாமான்" என்றேன். அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "அப்ப காதர் வீட்டுக்கு வந்தவுகளா? மொதல்லயே சொல்லியிருந்தா முன்சீட்டப் போட்டுக் குடுத்திருப்பேன்ல" என்றார். மலேசியாவில், ஈப்போவில் நான் குடியிருக்கும் தெருவில் என் பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர் தேறமாட்டார்கள். இங்கே நான் இறங்கும் முன்பே ஊருக்கு நான் வருவது தெரிந்திருந்தது.

காதர் யாரென்று சொல்லிவிடுகிறேன். ஈப்போவில் ஒரு ஜவுளிக் கடையில் சில வருஷம் வேலை பார்த்தவர். ஞாயிற்றுக்கிழமை ஆனால் ஊரில் மற்றவர்கள் சினிமாவுக்குப் போவார்கள். இவர் நான் மெக்கானிக்காக இருந்த ஃபிளையிங் கிளப்பின் வேலிக்கு வெளியே வந்து நிற்பார். பார்க்கச் சகிக்காமல் ஒருநாள் உள்ளே கூப்பிட்டேன். அதன் பிறகு அவரை வெளியே அனுப்ப முடியவில்லை. ஊர் திரும்பியவர் கல்யாணம் செய்தார், வீடு கட்டினார், அதோடு நிற்காமல் விமானமும் கட்ட ஆரம்பித்துவிட்டார். சொந்தக் கையால், ஒரு பழைய காரின் எஞ்சினை வைத்து. போன மாதம் போன் வந்தது. "அண்ணே, எஞ்சின் கொதிக்குது. என்ன செஞ்சாலும் கொதிக்குது. நீங்க வந்து ஒரு பார்வ பாத்தாத்தான் உண்டு." ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருப்பவனிடம் 'நீங்க வந்தாத்தான்' என்று சொல்லிப் பாருங்கள், எந்த நாட்டுக்கும் கிளம்பிவிடுவான்.

பேருந்தில் எனக்குப் பின்னால் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் இரண்டு பெண்கள். எனக்குப் புரியாது என்ற தைரியத்தில் மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள். கிளப்பில் என்னோடு இருபது வருஷம் வேலை பார்த்தவர் பாலக்காட்டுக்காரர் என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

"இவர்தான் மலேசியாவிலிருந்து வரும் வைத்தியர்" என்றாள் ஒருத்தி.

"யாருக்கு என்ன நோய்?"

"விமானத்துக்குக் காய்ச்சல்."

"பாவம் அந்த மனுஷனின் பெண்டாட்டி."

"அவளா பாவம்? விமானம் ஓடும் நிலம் அவளுடையது. வருகிற ஞாயிற்றுக்கிழமை அதில் திராட்சைப் பந்தலுக்குக் கல்லுக்கால் நடப் போகிறாள். அதற்குள் இவர் காய்ச்சலை இறக்கவில்லை என்றால் அந்த விமானத்தில் கோழி அடைக்க வேண்டியதுதான்."

காதர் போனில் இதைச் சொல்லவே இல்லை. சின்னமனூர் தாண்டும்வரை நான் பெட்டியைக் கட்டிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

உத்தமபாளையத்தில் காதரின் மனைவி சபூரா வாசலிலேயே நின்றார். "வாங்கண்ணே, மொதல்ல சாப்புடுங்க" என்றார். நெய்ச்சோறும் தாள்ச்சாவும். ஈப்போவில் இதே சோற்றில் ஏழு குழம்பை ஒன்றாக ஊற்றிக் குழப்பித் தருவார்கள்; அதுவும் ருசிதான். ஆனால் இந்தத் தாள்ச்சாவில் எலும்பை உறிஞ்சும்போது எனக்கு விமானம் மறந்துபோனது. மூன்றாவது கரண்டி விழுந்த பிறகுதான் சபூரா விஷயத்துக்கு வந்தார்.

"அண்ணே, நீங்க வந்ததுல எனக்குச் சந்தோசம். சனிக்கெழம வரைக்கும் உங்க தம்பிக்கு டயம் குடுத்திருக்கேன். ஞாயித்துக்கெழம கல்லுக்கால் நடுறவுக வாராக. அவுக வந்தா நான் திருப்பி அனுப்ப மாட்டேன். இன்னுங் கொஞ்சம் சோறு வைக்கவா?"

காதர் தட்டைப் பார்த்தபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஈப்போவில் வேலிக்கு வெளியே நின்ற அதே முகம். எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசைதான், ஆனால் இறங்கியது.

மறுநாள், புதன்கிழமை காலை, கொட்டகையில் விமானத்தைப் பார்த்தேன். நான் எதிர்பார்த்தது ஏதோ தகரமும் கயிறும். அங்கே நின்றதோ ஒழுங்கான விமானம். இறக்கைத் துணி மேளத்தோல் மாதிரி விறைப்பாக இருந்தது. பற்றவைத்த இடங்களில் ஒரு பிசிறு இல்லை. அந்த வேலையெல்லாம் பாண்டியுடையது. சின்னமனூரில் லேத் பட்டறை வைத்திருக்கிறார், காதருக்குக் கூட்டாளி. பறப்பதற்கு அனுமதி கேட்டு மனுப் போட்டிருக்கிறார்கள், இன்னும் வரவில்லை. அதுவரை தரையில் ஓட்டிப் பழகலாம். ஆனால் ஓட்டுவதற்குத்தான் எஞ்சின் விடவில்லையே!

வெளியே தள்ளிக்கொண்டுவந்து, வாலைப் புளியமரத்தில் கயிற்றால் கட்டினார்கள். பாண்டி சக்கரத்துக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். எஞ்சின் முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது, நல்ல சத்தம். ஆடி மாதக் காற்று என் தொப்பியைப் பிடுங்கி விமானத்தின் தலைக்கு மேலே கொண்டுபோய்ப் பக்கத்துத் திராட்சைத் தோட்டத்தில் போட்டது. அதை நான் லட்சியம் பண்ணவில்லை. வெப்பமானி முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தேன். முள் ஏறியது. சிகரெட் பிடிக்கிறவர் ஒரு சிகரெட்டை முடிக்கும் நேரத்துக்குள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டது.

"பாத்தீகளாண்ணே?" என்றார் காதர், எஞ்சினை நிறுத்திவிட்டு. ஏதோ பையனின் மார்க்கைக் காட்டும் தகப்பன் குரல்.

"இதெல்லாம் சின்ன விஷயம்" என்றேன். அப்படிச் சொல்லத்தானே கூப்பிட்டிருக்கிறார்கள்.

இந்த எஞ்சினுக்குத் தண்ணீர் கிடையாது, காற்றுதான் ஆற்ற வேண்டும். மூக்கில் இருக்கும் இரண்டு துளை வழியே காற்று உள்ளே வந்து, சிலிண்டரைச் சுற்றியுள்ள மெல்லிய தகடுகளுக்கு நடுவே நுழைந்து, சூட்டை வாங்கிக்கொண்டு, அடிவயிற்றிலுள்ள திறப்பு வழியாக வெளியேற வேண்டும். காற்று பெரிய சோம்பேறி. பக்கத்தில் ஒரு சந்து இருந்தால் அந்தச் சந்தில் போய்விடும், சிலிண்டர் பக்கம் எட்டிக்கூடப் பார்க்காது. காதர் எஞ்சினைச் சுற்றித் தகரத் தடுப்பு வைத்திருந்தார்; ஓரமெல்லாம் சந்து. எனக்கு நோய் தெரிந்துவிட்டது. மிகவும் சந்தோஷமாக இருந்தது.

வியாழக்கிழமை முழுக்கச் சந்து அடைத்தோம். ரப்பர் பட்டையை வெட்டி நான் கொடுக்க, பாண்டி ரிவெட் அடித்தார். காலையில் பத்துப் பேர் வேடிக்கை பார்க்க வந்தார்கள், மதியம் எண்ணுவதை விட்டுவிட்டேன். எல்லோரும் கையோடு ஒரு யோசனை கொண்டுவந்தார்கள். கிணற்று மோட்டாருக்குச் செய்வது போல் ஒரு டியூப் போட்டுத் தண்ணீர் விடச் சொன்னார் ஒருவர். இன்னொருவர் கார் ரேடியேட்டர் ஒன்றை சைக்கிளில் கட்டியே எடுத்து வந்துவிட்டார். நான் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். "பஸ்ஸில் முன்வாசலில் ஏறி, உள்ளே நகர்ந்து, பின்வாசலில் இறங்குகிறோம் இல்லையா, அப்படித்தான் இந்தக் காற்றும்" என்றேன். "எங்க பஸ்ஸுல யாரு அப்படி எறங்குறாக?" என்று ஒரு குரல் கேட்டது. பாடத்தை அத்துடன் முடித்துக்கொண்டேன்.

சாயங்காலம் மறுபடி எலுமிச்சம்பழம், மறுபடி எஞ்சின். முள் கொஞ்சம் மெதுவாக ஏறியது, அவ்வளவுதான். பிறகு சிவப்பைத் தொட்டது. எஞ்சினை நிறுத்தி மூடியைக் கழற்றிய நேரத்தில் சுருளிப்பட்டியிலிருந்து வந்திருந்த ஒரு விவசாயி, "ஆத்தாடி, வாயில்லாச் சீவன் இந்த வேவு வேகுது, நிண்டு பாக்குறீகளே" என்று ஒரு குடம் தண்ணீரோடு ஓடி வந்தார். கொதிக்கும் சிலிண்டரில் பச்சைத் தண்ணீர் பட்டால் வெடித்துவிடும். தடுக்க வேறு வழியில்லாமல் குறுக்கே விழுந்தேன். குடம் முழுக்க எனக்கே. எஞ்சின் சூடாகவே இருந்தது, நான் மட்டும் நன்றாகக் குளிர்ந்தேன்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பரோட்டா. எங்கள் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன், கொஞ்சம் முரட்டு அண்ணன். சபூரா சால்னா ஊற்றிக்கொண்டே, "என்னண்ணே, கல்லுக்காலுக்குச் சொல்லிரவா?" என்றார். கிண்டல்தான், ஆனால் குரலில் அலுப்பும் இருந்தது. அந்த அலுப்பு எனக்குப் புரிந்தது. பள்ளத்தாக்கில் ஒரு துண்டு நிலம் சும்மா கிடக்காது. நாலு பக்கமும் பன்னீர்த் திராட்சை தொங்க, நடுவில் இவர் நிலம் மட்டும் வருஷக்கணக்காக ஒரு விமானத்துக்காக வெறுமனே கிடக்கிறது.

வெள்ளிக்கிழமை காதர் ஜும்ஆவுக்குப் போய்விட்டார். நான் தேவாரத்துக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு பாத்திரக் கடையில் நல்ல அலுமினியத் தகடு கிடைக்கும் என்று பாண்டி சொல்லியிருந்தார். அடிவயிற்றுத் திறப்பைப் பெரிதாக்கி, முன்னால் உதடு மாதிரி ஒரு விளிம்பு வைத்தால் காற்று தாராளமாக வெளியேறும். அது என் கடைசிக் கைச்சரக்கு.

திரும்பும் வழியில் பஸ் கொதித்தது. என் ராசி. முன்னால் வெள்ளைப் புகை கிளம்ப, நடுரோட்டில் நிறுத்திவிட்டு எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். "அஞ்சு நிமிசந்தேன், ஆறட்டும்" என்றார் டிரைவர். ஐந்து நிமிஷமா! ஒரு அம்மா கூடையைத் திறந்து எல்லோருக்கும் திராட்சை கொடுக்க ஆரம்பித்தார், ஏதோ கல்யாணத்துக்கு வந்தது போல. எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் பாதிப் பேர் புகார் எழுதியிருப்பார்கள்.

நான் தகட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சாலையோரம் நின்றேன். அப்போதுதான் காற்று அதைப் பார்த்துவிட்டது. ஒரு தள்ளு. தகடு என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டது. நான் விடவில்லை, விட்டால் அது நேரே தேனிக்குப் போய்விடும். நாலைந்து எட்டு ஓடி, ஒரு வேலியில் சாய்ந்து நின்றேன். "மலேசியாக்காரரு இங்கனயே பறந்துருவாரு போல" என்று யாரோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரித்தது.

வேலியைப் பிடித்தபடி நிமிர்ந்தேன். எதிரே வெளியெல்லாம் காற்றாலைகள், மலையடிவாரம் வரைக்கும். ஒவ்வொன்றும் மேற்கே மூஞ்சியை வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தது. ஒன்று கூடத் தப்பவில்லை. கணவாய் வழியாக வரும் காற்றுக்கு எல்லாம் நேருக்கு நேர் நின்றன.

எனக்கு வாயிலிருந்த திராட்சை விதை தொண்டையில் மாட்டியது.

புளியமரம் மேற்கே. விமானத்தின் வால் மேற்கே. மூக்கு கிழக்கே. இத்தனை நாளும் அந்த விமானத்தை நாங்கள் காற்றுக்கு முதுகைக் காட்டி நிறுத்தி ஓட்டியிருக்கிறோம். அடிவயிற்றுத் திறப்பு வழியாக வெளியே போகப் பார்க்கும் சூட்டை, பின்னாலிருந்து வரும் ஆடிக்காற்று திரும்பவும் உள்ளேயே தள்ளியிருக்கிறது. பின்வாசலில் ஒரு கூட்டம் ஏற முண்டினால் உள்ளே இருப்பவன் எங்கே இறங்குவது? காற்று எஞ்சினுக்குள் எப்படிப் போகிறது என்று குனிந்து குனிந்து பார்த்த நான், வெளியே அது எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று நிமிர்ந்து பார்க்கவில்லை. என் தொப்பிக்குத் தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை.

பஸ் ஆறவில்லை. வாழைத்தார் ஏற்றிவந்த ஒரு டெம்போவில் தொற்றிக்கொண்டேன். தகட்டைத் தார்களுக்கு அடியில் செருகி, அதன் மேல் நானும் உட்கார்ந்துகொண்டேன்.

சனிக்கிழமை காலை கொட்டகையில் விஷயத்தைச் சொன்னேன். "விமானத்தைத் திருப்புங்க. மேற்கே பார்த்து ஸ்டார்ட் பண்ணணும்."

பாண்டி ரிவெட் துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டார். "சார், அது மட்டும் ஆகாது. புது மிசினு எதுவா இருந்தாலும் கெழக்க பாத்துத்தேன் ஸ்டார்ட் பண்ணணும். டிராக்டரு, நெல்லடிக்கிற மிசினு, கெணத்து மோட்டாரு, எல்லாம் அப்பிடித்தேன். மேக்க பாத்து ஆரம்பிச்சா வெளங்குமா?"

"பழசாகிற வரைக்குமா கிழக்கு?"

"ஓடவே இல்லையே சார், அப்ப அது புதுசுதானே?"

நியாயமாகத்தான் இருந்தது. நான் காதரைப் பார்த்தேன். "நீங்க ஏன் ஒண்ணும் சொல்லலை?"

"எனக்கென்னண்ணே, நான் தெனமும் அஞ்சு வேளை மேக்க பாத்துத்தான் நிக்கிறேன்" என்றார் காதர். "பாண்டிக்குக் கெழக்குத்தான் ராசி. அவரு மனசு நோகக் கூடாதுல்ல. பின்னால நீங்களும் வந்து மூணு நாளு கெழக்கயே பாத்துக்கிட்டு நின்னீகளா, சரி, அதுதான் முறை போலன்னு இருந்துட்டேன்."

"ஏப்பா, எனக்காகவா?" என்றார் பாண்டி. அவர் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. "நான் உனக்கும் அதுதேன் இஷ்டம்னுல்ல நெனச்சேன்."

தரையில் ஓட்டியதையும் விசாரித்தேன். அதுவும் கிழக்கேதான். காற்று முதுகைத் தள்ள, நிலத்தின் கடைசி வரை ஓடித் திராட்சைப் பந்தலுக்கு முன்னால் நிற்பார்களாம். அதற்குள் கொதித்துவிடும். பிறகு இரண்டு பேருமாகத் தள்ளிக்கொண்டே திரும்ப வருவார்களாம். ஒருமுறை கூட அந்த விமானம் தன் காலால் மேற்கே ஓடியதில்லை. இத்தனை மரியாதையான கூட்டாளிகள் இருந்தால் எந்த எஞ்சின்தான் உருப்படும்?

சமாதானம் பேசி முடித்தோம். கிழக்கே பார்த்து ஸ்டார்ட் செய்வது, எலுமிச்சம்பழத்தை நசுக்குவது, உடனே ஓட்டிக்கொண்டுபோய்க் கிழக்குக் கோடியில் திரும்பி மேற்கே பார்ப்பது. பாண்டி யோசித்து, "ஆரம்பம் நல்லபடியா இருந்தாச் சரி" என்றார். புதுத் தகட்டையும் மாட்டினோம். ரப்பர் பட்டையும் வீண் போகாது, காற்று நேராக வரும்போதுதான் அதன் அருமை தெரியும் என்று யாரும் கேட்காமலே எல்லோரிடமும் சொன்னேன்.

சாயங்காலம் ஊர் பாதி கூடிவிட்டது. நிலத்தின் ஓரத்தில் மறுநாளைக்கான கல்லுக்கால்கள் முன்கூட்டியே வந்து இறங்கியிருந்தன; இறக்கிய ஆட்கள் அவற்றின் மேலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். சபூரா தூரத்தில், வாய்க்கால் வரப்பில் நின்றார். விமானத்துக்குப் பக்கத்தில் அவர் வந்ததே இல்லையாம்.

காதர் ஏறி உட்கார்ந்தார். எலுமிச்சம்பழம் நசுங்கியது. விமானம் கிழக்கே போய்த் திரும்பி, மேற்கே பார்த்து நின்றது. ஒரு சிகரெட் நேரம் போனது. இரண்டாவது சிகரெட் நேரமும் போனது. காதர் கையை வெளியே நீட்டி ஆட்டினார். முள் பாதியில் நிற்கிறது என்று அர்த்தம். பாண்டி என் தோளைப் பிடித்து உலுக்கியதில் எனக்கு இரண்டு நாள் வலி இருந்தது.

பிறகு காதர் எஞ்சினை முறுக்கினார். தரையில் ஓட மட்டும்தான். மூன்று பேரும் பேசி வைத்ததும் அதுதான். ஆனால் இதுவரை பின்னாலிருந்து தள்ளிய காற்றை இப்போது இறக்கைகள் முதன்முதலாக முன்னால் சந்தித்தன என்பதை நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. விமானம் ஓடியது. பாதி நிலம் தாண்டவில்லை, சக்கரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஒரு ஆள் உயரம் இருக்கும். கல்லுக்கால் மேல் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள். "ஏலே, ஏறிருச்சு! ஏறிருச்சுலே!" என்று யாரோ கத்த, நான் கத்திய "குறை! குறை!" அந்தக் கூச்சலில் அமுங்கிப்போனது. காதரே பயந்து எஞ்சினைக் குறைத்தார். விமானம் அலுங்காமல் இறங்கி, உருண்டு, நின்றது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று சொல்லலாம், தூசியும் இருந்தது.

காதர் இறங்கவில்லை. உள்ளேயே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, நான் ஒண்ணும் செய்யலண்ணே, அதுவாத்தான் ஏறுச்சு" என்றார், அனுமதி கொடுக்கும் அதிகாரியே நான்தான் என்பது போல. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

அப்போது கூட்டம் விலகியது. சபூரா வந்துகொண்டிருந்தார். வேகமாக. வரப்பிலிருந்து நேரே, சேலைத் தலைப்பைக் காற்றில் பறக்கவிடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். காதரின் சிரிப்பு அணைந்தது. சபூரா விமானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இறக்கையைத் தட்டிப் பார்த்தார். கடைசியில் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இதுல எத்தன பேரு உக்காரலாம்?"

"ஒரு ஆளு" என்றார் காதர்.

"ஒரு ஆளா?"

பாண்டி அவசரமாகப் புளியமரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.

"இத்தன வருசமாக் கட்டுனீக. என் நெலம். எஞ்சின் தொடைக்க எஞ் சேல. பாதி ராத்திரிக்கு எந்திரிச்சுப் போயி அதத் தடவிக் குடுத்துட்டு வந்தீக, நானும் ஒண்ணுங் கேக்கல. உக்கார எனக்கு ஒரு எடம் வைக்கணும்னு உங்களுக்குத் தோணலைல்ல?"

சபூரா கல்லுக்கால் ஆட்களின் பக்கம் திரும்பினார். "அண்ணே, இத எல்லாத்தையும் தூக்கி, ஊருக்கு அங்கிட்டு இருக்குற எங்க கெழக்குக் காட்டுல போடுங்க. பந்தல அங்கன போட்டுக்கிறலாம்." பிறகு என்னைப் பார்த்தார். "நீங்க எப்ப ஊருக்குக் கெளம்புறீக?"

"செவ்வாய்க்கிழமை" என்றேன்.

"தள்ளிப் போடுங்க. ரெண்டு சீட்டு வச்சுக் குடுத்துட்டுப் போங்க."

இரண்டு பேர் என்றால் இதைவிடப் பெரிய எஞ்சின் வேண்டும், அது இதைவிட மோசமாகக் கொதிக்கும் என்று சொல்ல வாயைத் திறந்தேன். உள்ளேயிருந்து காதரின் கை வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தது.